மிருகத்தில் விதைக்கவா, திருவாதிரைக்குக் காத்திருக்கவா? லாத்தூர் பக்கம் 6 ஏக்கர் சோயா

செம்பூர் மருமகன் | ஜூன் 9, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வழக்கமாக வாடகை வீடு, தாதர் ஸ்டேஷன் நெரிசல், ஊருக்குப் போக டிக்கெட் என்றுதான் பேச்சு ஓடும். இன்று கொஞ்சம் சேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம், ஔசா பக்கத்துப் பெண். மாமனாருக்கு அங்கே 6 ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. அவருக்கு 71 வயது, போன வருடம் முழங்கால் ஆபரேஷன் ஆனதில் இருந்து வரப்பில் ஏறி இறங்க முடியவில்லை. இந்த முறை விதை, உரம், டிராக்டர் வாடகை எல்லாம் என் செலவு. பணம் போடுகிறவனே முடிவையும் சொல்லட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் செம்பூர். துளசிச் செடியைக்கூட ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்ததில்லை.

விஷயம் இதுதான். நேற்றும் முந்தாநாளும் அங்கே மழை. மைத்துனர் கொல்லையில் வைத்திருக்கும் மழைமானியில் இரண்டு நாளும் சேர்த்து 38 மி.மீ. மாமனார் நாளை மறுநாளே விதைத்தாக வேண்டும் என்கிறார். மராட்டியில் 'மிருக்' என்பார்கள், சூரியன் மிருகசீரிடத்துக்குள் போகும் நாள், ஜூன் 7 அல்லது 8. அவருக்கு விதைப்புக் கணக்கு அங்கே ஆரம்பம். பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு மழை நட்சத்திரத்துக்கும் ஒரு வாகனம் போடுவார்கள், இந்த முறை மிருகத்துக்குத் தவளை வந்திருக்கிறதாம், அதனால் மழைக்குக் குறைவே இருக்காதாம். மைத்துனரோ, இன்னும் இரண்டு நல்ல மழை ஆகட்டும், ஜூன் 21-க்கு மேல் திருவாதிரையில் பார்க்கலாம் என்கிறார்.

ரகம் ஜே.எஸ். 335. பாதி வீட்டு விதை, பாதி கடையில் வாங்கப் போகிறோம். இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் மகசூல் எவ்வளவு அடிவாங்கும்? இந்த வாட்ஸ்அப் சண்டையில் நான் யார் பக்கம் நிற்பது?

டோம்பிவிலி தோசை | ஜூன் 9, இரவு 11.05

தவளை வாகனமா? எங்களுக்கு எல்லா நட்சத்திரத்துக்கும் லோக்கல் ரயில்தான் வாகனம். நல்ல மழை பெய்தால் அது குர்லாவிலேயே நின்றுவிடும்.

சரி, யாராவது உருப்படியாகப் பதில் சொல்லுங்கள். நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கரிசல்காட்டான் | ஜூன் 10, காலை 6.15

தம்பி, நான் தாராவிக்கு வந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. சொந்த ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. கரிசல் என்றால் எனக்கும் நாலு வார்த்தை தெரியும்.

பட்டம் தப்பினால் நட்டம். எங்கள் அப்பா புரட்டாசியில் மழை விழுமுன்பே புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் விதைத்துவிடுவார். விதை மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும். மழை எப்போது இறங்குகிறதோ அன்றைக்கே எழுந்துகொள்ளும். மழை பெய்த பிறகு உழலாம் என்று காத்திருந்தவன் கரிசலில் கால் வைக்க முடியாமல் ஒரு வாரம் வரப்பில் உட்கார்ந்திருப்பான். அந்த ஒரு வாரத்தில் பக்கத்து நிலத்துப் பயிர் நாலு விரல் உயர்ந்திருக்கும்.

உங்கள் மாமனார் சொல்வதைக் கேளுங்கள். மண்ணில் உழன்றவர் அவர்.

கோவை அக்ரி | ஜூன் 10, காலை 9.30

ஐயா சொன்ன புழுதி விதைப்பு சரியான முறை. ஆனால் சோளத்துக்குச் சரி. சோயாவுக்கு அதைச் செய்தால் விதைக் காசு போய்விடும்.

(நான் கோவையில் வேளாண்மை படித்தவள். இப்போது முலுண்டில் குடியிருந்துகொண்டு பயிர்க் காப்பீட்டு வேலை. வருடத்தில் நாலு மாதம் உங்கள் லாத்தூர் இருக்கிற மராத்வாடா வயல்களில்தான் இருப்பேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.)

சோயா விதை முளைக்க, தன் எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்குத் தண்ணீர் குடித்தாக வேண்டும். மக்காச்சோளத்துக்குத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு போதும். 38 மி.மீ. மழையில் கோடையில் வெடித்துக் கிடந்த கரிசலின் மேல் நாலு விரல் மட்டும் நனைந்திருக்கும். அந்த ஈரத்தில் விதை உப்பும், தோல் விரியும், வேர் முனை எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நாலு நாள் வெயில் அடித்தால் அத்தோடு முடிந்தது. ஒரு தடவை உப்பிவிட்ட விதை திரும்பக் காய்ந்து, மறுபடி நனைந்து எழுந்துகொள்ளாது. சோளத்துக்கு இருக்கிற பொறுமை இதற்குக் கிடையாது. தோலும் மெல்லிசு. மூட்டையை லாரியிலிருந்து தூக்கிப் போட்டாலே முளைப்புத்திறன் குறைகிற சாதி இது.

அதனால்தான் 75 முதல் 100 மி.மீ. மழை சேர்ந்த பிறகே சோயா விதைக்கச் சொல்கிறார்கள். மராட்டி விவசாயிகளிடம் இதற்கு 'வாப்சா' என்று ஒரு சொல் உண்டு. நம் ஊரில் பதம் என்கிறோமே, அதேதான். மைத்துனரை நிலத்தின் நடுவில் ஒரு முழம் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் ஈரமும் கீழ் ஈரமும் கைகோத்திருக்க வேண்டும். இடையில் சாம்பல் நிறத்தில் காய்ந்த பட்டை தெரிந்தால் இன்னும் பதம் வரவில்லை.

இரண்டு வாரம் தள்ளினால் நஷ்டமா என்று கேட்டீர்கள். அந்தப் பகுதிக்கு ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை நல்ல பட்டம். ஜூன் 25-இல் விதைத்தாலும் நீங்கள் பட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள். ஜூலை 15 தாண்டினால்தான் பயப்பட வேண்டும்.

இன்னொன்று. வீட்டு விதையை இன்றைக்கே முளைப்புச் சோதனை செய்யுங்கள். நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் பத்துப் பத்தாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் ஐந்தாறு நாள் வையுங்கள். 70-க்கு மேல் முளைத்தால்தான் அது விதை. அதற்குக் கீழே என்றால் எண்ணெய்க்கு அனுப்புங்கள்.

பவாய் பையன் | ஜூன் 10, மதியம் 1.20

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் ஆறு வருடம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் வேலை பார்த்தேன், அலுவலக ஜன்னலைத் திறந்தால் சோயா வயல்தான். அங்கே ஏப்ரல் கடைசியிலேயே விதைக்கத் தொடங்கிவிடுவார்கள். மே மத்திக்கு மேல் தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் மகசூலில் கை வைக்கும் என்று டீக்கடை மாதிரி எல்லா இடத்திலும் பேசுவார்கள். முந்தி விதைத்தால் செடிக்கு வெயில் அதிகம் கிடைக்கிறது, கணு அதிகம் வைக்கிறது, காய் அதிகம். எளிய கணக்கு. லாத்தூருக்கு மட்டும் செடி வேறு விதமாகவா நடந்துகொள்ளும்?

போர் தண்ணீர் இருந்தால் மே மாதமே விதைத்துவிடலாமே?

கோவை அக்ரி | ஜூன் 10, இரவு 8.50

நல்ல கேள்வி தம்பி. அதே செடிதான், ஆனால் இடம் மாறினால் அதன் கணக்கும் மாறும். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் சோயாவில் விதைப்புத் தேதிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பது இதில்தான் இருக்கிறது.

1920-இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க அரசாங்க விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பிலாக்சி என்ற சோயா ரகத்தை வாஷிங்டன் பக்கத்தில் வசந்தத்திலிருந்து கோடை வரை இடைவெளி விட்டு விட்டு விதைத்துப் பார்த்தார்கள். முதலில் விதைத்ததும் கடைசியில் விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், செப்டம்பரில் பூத்தன. முந்திப் பிறந்த செடி ஆளுயரம், பிந்திப் பிறந்தது முழங்கால் உயரம், ஆனால் பூ மட்டும் சொல்லி வைத்தது போல ஒன்றாக. வெப்பமா, ஈரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கடைசியில் பகல் நீளம்தான் காரணம் என்று கண்டார்கள். செடிகளைச் சாயங்காலமே இருட்டு அறைக்குள் தள்ளியபோது கோடையிலேயே பூத்தன.

சோயா பகல் சுருங்குவதை அறிந்து பூக்கிற செடி. அயோவாவில் ஜூன் கடைசியில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல், பிறகு சரசரவென்று இறங்கும். இலையுதிர் காலத்தில் உறைபனி வேறு வந்துவிடும். கடைசித் தேதி அங்கே கல்லில் எழுதியது. ஆகவே முன்னால் தள்ளினால்தான் செடிக்கு நாள் கூடும்.

லாத்தூரில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஜே.எஸ். 335 அதற்கென்றே தேர்ந்தெடுத்த ரகம், விதைத்து நாற்பது நாள் வாக்கில் பூத்துவிடும், நூறு நாளுக்குள் அறுவடை. அங்கே கடைசித் தேதியை எழுதுவது உறைபனி கிடையாது, மழை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் காய் பால் பிடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், அக்டோபர் தொடக்கத்தில் அறுக்கும்போது மழை விட்டிருக்க வேண்டும். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் பயிர் நுழைந்து வெளியே வர வேண்டும்.

மே மாதம் தண்ணீர் பாய்ச்சி விதைத்தால் என்ன ஆகும்? 40 டிகிரி வெயிலில் முளைக்கும். ஆகஸ்ட் மத்தியில் முற்றி நிற்கும், அப்போது அடை மழை. காய்க்குள்ளேயே விதை முளை விட்டுவிடும். வீட்டு வாசலில் காயப்போட்ட துணி மாதிரி, எடுக்கவும் முடியாது விடவும் முடியாது.

கரிசல்காட்டான் | ஜூன் 10, இரவு 9.25

அம்மா, இது நம்ம மொச்சை கதைதானே? ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் நாட்டு மொச்சை பனிக்காலம் வந்தால்தான் பூக்கும். ஆடியில் போட்டது பந்தலை மூடிப் படரும், ஆவணியில் போட்டது பாதிப் பந்தலோடு நிற்கும். பொங்கலுக்குக் காய் பறிக்கும்போது இரண்டும் ஒன்றாகக் காய்த்திருக்கும், முன்னதில் ஒரு கூடை, பின்னதில் அரைக் கூடை. எங்கள் ஆத்தா அதற்கு 'பனி தெரிஞ்ச செடி' என்பாள். பகல் நீளம் என்று உங்கள் வாயால் கேட்கிறேன்.

சோளக் கணக்கை இதில் போட்டது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

கோவை அக்ரி | ஜூன் 10, இரவு 9.40

ஐயா, நான் எழுதிய இரண்டு பக்கத்தை ஒரு பந்தலில் முடித்துவிட்டீர்கள். பிந்தி விதைத்தால் மகசூல் ஏன் குறைகிறது என்பதற்கு அதுதான் பதில். செடி தன் நேரத்துக்குப் பூத்துவிடும். பந்தல் கட்ட நாள் கிடைக்காமல் போனதுதான் நஷ்டம்.

செம்பூர் மருமகன் | ஜூன் 11, காலை 7.10

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மனைவி மராட்டியில் மொழிபெயர்த்துத் தன் அப்பாவிடம் படித்துக் காட்டினாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவின் நிலம் எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டார்.

பஞ்சாயத்து இப்படி முடிந்தது. ரோட்டோரம் இருக்கும் 4 ஏக்கர் மைத்துனர் சொல்படி காத்திருக்கும். கிணற்றடி 2 ஏக்கரில் மாமனார் இன்று காலை வீட்டு விதையைப் போட்டுவிட்டார். முளைப்புச் சோதனை முடிவு வரக்கூட நிற்கவில்லை. (கிணறு என்று பேர்தான். மே மாதம் எட்டிப் பார்த்தால் தவளைகூடக் கிடையாது, வாகனத்துக்குப் போய்விட்டது போல.)

டோம்பிவிலி தோசை | ஜூன் 11, காலை 9.00

மாமனாருக்கு 2 ஏக்கர் கொடுத்து வீட்டில் நிம்மதி வாங்கியிருக்கிறீர்கள். மும்பையில் இந்த விலைக்கு நிம்மதி கிடைக்காது.

செம்பூர் மருமகன் | ஜூன் 22, இரவு 11.30

ஞாயிறு விடுமுறை பார்த்து லாத்தூர் எக்ஸ்பிரஸில் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன்.

ஜூன் 11-க்குப் பிறகு அங்கே 14-ஆம் தேதி ஒரு தூறல், 6 மி.மீ. அப்புறம் ஒன்றுமே இல்லை. வெயிலும் காற்றும்தான். கிணற்றடி 2 ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குகூட எழவில்லை. மைத்துனர் சாலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் கிளறிக் காட்டினார். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், அக்கா சொன்னது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதல் விதை கடலைப் பருப்பு அளவுக்கு உப்பி, தோல் சுருங்கி, அழுத்தினால் வெண்ணெய் போல நசுங்கியது. புளித்த இட்லி மாவு வாடை. அடுத்தது முளைத்து, தலையைக் குனிந்துகொண்டு கொக்கி மாதிரி மேலே வந்திருக்கிறது. மேல் மண் தூறலில் நனைந்து காய்ந்து ஓடு போல இறுகிவிட்டதால் முட்டி முட்டிக் கழுத்து ஒடிந்து கிடந்தது. மூன்றாவதற்கு ஒன்றும் ஆகவில்லை, போட்டபடியே காய்ந்து இருந்தது. ஒரே சாலில், ஒரு சாண் இடைவெளிக்குள் இந்த மூன்றும்.

ஈரச்சாக்குச் சோதனை முடிவும் வந்துவிட்டது. நூற்றுக்கு 58.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர் போகிற போக்கில் "துபார் பேரணி" என்றார். இரண்டாம் விதைப்பு என்று அர்த்தமாம். அந்தப் பக்கத்தில் அது கிட்டத்தட்ட சாபம் மாதிரி, யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

கோவை அக்ரி | ஜூன் 23, காலை 8.15

58 என்றால் மாமனாரை மட்டும் குறை சொல்லாதீர்கள். நல்ல ஈரத்தில் போட்டிருந்தாலும் அந்த விதை பாதிக்குக் கிட்ட ஏமாற்றியிருக்கும். சோயா விதை அறுவடையின்போது மழையில் நனைந்தாலோ, வேகமாகக் கதிரடித்தாலோ, சேமித்து வைத்த இடம் புழுங்கினாலோ உயிர் போய்விடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அழிக்க அவசரப்படாதீர்கள். மழை வந்த பிறகு ஒரு வாரம் பாருங்கள். ஒரு மீட்டர் வரிசையில் எத்தனை செடி என்று பத்து இடத்தில் எண்ணுங்கள். 45 செ.மீ. வரிசையில் 5 செ.மீ.க்கு ஒன்று என்றால் மீட்டருக்கு 20 செடி இருக்க வேண்டும். பாதிக்குமேல் இருந்தால் விட்டுவிடலாம், சோயா பக்கக் கிளை விட்டு ஓரளவு ஈடுகட்டும். ஐந்தோ ஆறோ என்றால் உழுதுவிட்டுத் திரும்ப விதைப்பதே மேல்.

செம்பூர் மருமகன் | ஜூன் 28, இரவு 9.00

23 முதல் 25 வரை மூன்று நாளில் 72 மி.மீ. 27-ஆம் தேதி ரோட்டோர 4 ஏக்கரும் விதைத்தாயிற்று. கடை விதை, ஏக்கருக்கு ஒரு 30 கிலோ பை. மைத்துனர் முந்தின நாள் தோண்டி எடுத்த மண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு, அக்கா சொன்ன சாம்பல் பட்டையைக் காணோம்.

கிணற்றடியில் எண்ணினோம். மீட்டருக்கு 4, 7, 3, 6, 5. அழிக்க வேண்டியதுதான். வாரம் முழுக்க மழை, டிராக்டர் இறங்க முடியாது என்கிறார்கள். ஜூலை 7, 8 ஆகிவிடும் போலிருக்கிறது. அப்போது என்ன போடுவது?

பவாய் பையன் | ஜூன் 29, காலை 10.10

எம்.ஏ.சி.எஸ். 1407 பாருங்கள். புனேயில் உள்ள அகர்கர் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த ரகம். ஜூன் 20 முதல் ஜூலை 5 வரை எப்போது விதைத்தாலும் மகசூல் குறையாது என்று 2021-இல் அறிவித்தார்கள். ஹெக்டேருக்கு 39 குவிண்டால்! நம்ம ஊர் நிறுவனம், நம்ம ஊர் விதை.

கோவை அக்ரி | ஜூன் 29, காலை 10.45

புனேயில் பிறந்தாலும் அதற்குப் பரிந்துரைத்த இடம் அசாம், மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்கள். மராத்வாடாவுக்கு இல்லை. தவிர அது 104 நாள் ரகம், ஜூலை 8-இல் போட்டால் அக்டோபர் 20 ஆகிவிடும், அதுவரை ஈரம் நிற்காது. பை மீது எழுதிய 39 குவிண்டால் ஆராய்ச்சித் திடலில் வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிந்தி விதைத்தால் குறுகிய நாள் ரகம் தேடுங்கள். ஜே.எஸ். 20-34 கிடைத்தால் நல்லது, 87 நாள் வாக்கில் முடிந்துவிடும். செடி குட்டையாகத்தான் வளரும், கிளை குறைவு. அதற்கு ஏற்றபடி வரிசை இடைவெளியை 45-லிருந்து 30 செ.மீ.க்குக் குறையுங்கள், விதையையும் கொஞ்சம் கூட்டுங்கள். இலைகள் சீக்கிரம் கைகோத்து மண்ணை மூடினால்தான் வெயில் வீணாகாது, களையும் அடங்கும்.

ஜூலை 15-க்குள் நிலத்தில் இறங்க முடியவில்லை என்றால் சோயாவை மறந்துவிட்டுத் துவரைக்குப் போங்கள். சொல்லப்போனால் முதலிலேயே நாலு வரிசை சோயாவுக்கு இரண்டு வரிசை துவரை என்று ஊடுபயிர் போட்டிருந்தால் இந்தப் பதற்றம் பாதிதான் இருந்திருக்கும்.

மஸ்ஜித் பந்தர் | ஜூன் 29, மாலை 6.30

எண்ணெய்த் தரகில் முப்பது வருடமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் குவிண்டாலைப் பற்றியே பேசுகிறீர்கள், ரூபாயைப் பற்றியும் ஒரு வார்த்தை.

2021 ஆகஸ்டில் லாத்தூர் மார்க்கெட்டில் சோயா குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியது. அன்று கையில் சரக்கு வைத்திருந்தவன் ராஜா. புதுச் சரக்கு வந்த அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் பாதிக்கு இறங்கியது. ஒரே பட்டத்தில் எல்லாரும் விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாரும் வண்டியைக் கட்டிக்கொண்டு வருவார்கள், இதுதான் காரணம்.

ஈரப்பதம் இன்னொரு வில்லன். அரசுக் கொள்முதலுக்கு 12 சதவீதம்தான் வரம்பு. 2024 நவம்பரில் விவசாயிகள் கஷ்டத்தைப் பார்த்து 15 வரைக்கும் தளர்த்தினார்கள், ஆனால் வருடா வருடம் அதை நம்பி இருக்க முடியாது. மழையில் நனைந்து வந்த கறுத்த சோயாவைத் தரகர் கையில் எடுத்துப் பார்க்கும் அந்த முகபாவம் இருக்கிறதே, நான் அதை முப்பது வருடமாகச் செய்துவருகிறேன், எனக்கே என்னைப் பிடிக்காது. அறுவடை எந்த வாரத்தில் விழும் என்று பின்னாலிருந்து எண்ணித்தான் விதைப்புத் தேதியை வைக்க வேண்டும்.

கரிசல்காட்டான் | ஜூன் 29, இரவு 8.00

தரகர் ஒருவர் இவ்வளவு மனசாட்சியோடு எழுதி நான் படித்ததில்லை. சயானில் இருந்தால் சொல்லுங்கள், ஒரு டீ சாப்பிடலாம்.

செம்பூர் மருமகன் | ஜூலை 9, இரவு 10.00

ஜே.எஸ். 20-34 கிடைத்தது. நேற்று கிணற்றடியில் 30 செ.மீ. வரிசையில் விதைத்தோம். இரண்டாம் முறை விதை, உழவு, டிராக்டர் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். மாமனார் தன் பென்ஷனிலிருந்து கொடுத்தார், நான் வாங்கவில்லை. மனைவி வாங்கிக்கொண்டாள். அவரிடம் வாங்காமல் விட்டால்தான் அவர் வருத்தப்படுவார் என்றாள்.

செம்பூர் மருமகன் | ஆகஸ்ட் 8, மாலை 5.15

ரோட்டோரத்தில் பூ வந்துவிட்டது. இலைக்கக்கத்தில் சின்ன ஊதாப் பூ, குனிந்து இலையை விலக்கினால்தான் தெரிகிறது. விதைத்து 42-ஆம் நாள். கிணற்றடியில் 31 நாள்தான் ஆகிறது, அங்கேயும் அங்கங்கே மொட்டு. செடி என் முழங்காலுக்குக் கீழே.

கரிசல்காட்டு ஐயா, உங்கள் பந்தல் கதையை மாமனாரிடம் சொன்னேன். மொச்சைக்கு அங்கே 'வால்' என்று பேர். அவருக்கும் அந்த விஷயம் ஏற்கனவே தெரிந்திருக்கிறது!

செம்பூர் மருமகன் | அக்டோபர் 12, இரவு 9.45

அறுவடை முடிந்தது. இழை பழையதாகிவிட்டது, இருந்தாலும் கணக்கை ஒப்படைக்க வேண்டாமா?

ரோட்டோரம் 4 ஏக்கர், ஜூன் 27 விதைப்பு: 35 குவிண்டால். கிணற்றடி 2 ஏக்கர், ஜூலை 8 விதைப்பு: 12.5 குவிண்டால். ஏக்கருக்குப் பார்த்தால் எட்டே முக்காலும் ஆறே காலும். பதினொரு நாள் முன்பின் விதைத்த இரண்டு வயலும் அக்டோபர் 4-ஐ ஒட்டி ஒன்றாகப் பழுத்தன. ஒரே நாளில் ஒரே ஆட்களை வைத்து அறுத்தோம், அந்த மட்டில் கூலி மிச்சம்.

பவாய் பையன் | அக்டோபர் 12, இரவு 10.20

பார்த்தீர்களா! பதினொரு நாளுக்கு ஏக்கருக்கு இரண்டரை குவிண்டால். முந்தி விதைத்தால் அதிகம் என்று நான் சொன்னது சரிதானே?

கோவை அக்ரி | அக்டோபர் 13, காலை 8.30

தம்பி, ரகம் வேறு, வரிசை இடைவெளி வேறு. இரண்டு வயலும் ஒரே மண்ணா என்பதும் தெரியாது. குறுகிய நாள் ரகம் எந்தத் தேதியில் போட்டாலும் கொஞ்சம் குறைவாகத்தான் கொடுக்கும். இரண்டரை குவிண்டாலையும் தேதியின் கணக்கில் எழுத முடியாது. அதோடு எல்லாருக்கும் முந்தி விதைத்தது ஜூன் 11 விதைப்புதான், அது கொடுத்த மகசூல் சுழி என்பதை மறந்துவிட்டீர்கள்.

மருமகன் தம்பி, கிணற்றடியில் மண் ஆழம் எப்படி?

செம்பூர் மருமகன் | அக்டோபர் 13, இரவு 8.00

கேட்டேன் அக்கா. கிணற்றடிதான் ஆழம் அதிகமாம், நல்ல கரிசலாம். ரோட்டோரத்தில் ஒரு முழத்துக்குக் கீழே சரளை தட்டுமாம். அதனால்தான் மாமனார் அந்த 2 ஏக்கரைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய நல்ல நிலம் அது. எனக்கு இது நாலு மாதம் கழித்து இன்றைக்குத்தான் தெரிகிறது.

கிணற்றடியில் இப்போது கொண்டைக்கடலை போட உழுதுகொண்டிருக்கிறார்கள். இந்த முறை அவரே மைத்துனரைக் கூப்பிட்டு ஒரு முழம் தோண்டி ஈரம் பார்க்கச் சொன்னாராம்.

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். ரோட்டோர வயலின் ஒரு மூலையில் பக்கத்து டாபாக்காரர் ஆகஸ்டில் உயரமான கம்பம் நட்டுப் பெரிய விளக்கு போட்டிருந்தார், ராத்திரி முழுக்க எரியும். வயல் முழுக்கப் பழுத்து இலை கொட்டி நிற்க, அந்த விளக்கு விழுகிற இடத்தில் மட்டும் அரைவட்டமாகச் செடிகள் கருகருவென்று பச்சையாக நின்றன, என் இடுப்பு உயரம். அங்கங்கே பிஞ்சு, முற்றின காயே இல்லை. அறுக்க வந்தவர்கள் அந்த மூலையைச் சுற்றிப் போய்விட்டார்கள். நோயாக இருக்குமோ என்று மைத்துனர் பயந்துபோய் போட்டோ அனுப்பினார்.

கோவை அக்ரி | அக்டோபர் 13, இரவு 8.20

நோய் இல்லை. அந்தச் செடிகளுக்கு இன்னும் பொழுது சாயவில்லை, அவ்வளவுதான். கார்னரும் அல்லார்டும் இருட்டு அறை கட்டிச் செய்ததை டாபாக்காரர் விளக்குப் போட்டுத் தலைகீழாகச் செய்திருக்கிறார். அந்தப் போட்டோவை எனக்கு அனுப்ப முடியுமா? பயிற்சி வகுப்பில் காட்ட வேண்டும்.

கரிசல்காட்டான் | அக்டோபர் 13, இரவு 9.10

அந்தப் பச்சையை என்ன செய்தீர்கள் தம்பி?

செம்பூர் மருமகன் | அக்டோபர் 13, இரவு 9.30

மாமனார் எருமைக்கு அறுத்துப் போட்டுவிட்டார் ஐயா. டாபாக்காரரிடம் அடுத்த வருடம் விளக்கை ரோட்டுப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறோம். சரி என்றார், டீக்குக் காசு வாங்கவில்லை.

அக்கா, போட்டோ தனி மடலில் அனுப்பியிருக்கிறேன்.